சேர் கே. எஸ். கிருஷ்ணன்: வானொலி வானியலுக்கு வித்திட்ட தமிழர்

பண்டத்தரிப்பு வயல்வெளியில் நின்று வெறுங்கண்ணாற் காணத்தக்க கோள்களுள் வியாழனும் ஒன்று. அதன் ஒளியை மனிதர் தொன்றுதொட்டு அறிவர். அது வானொலி அலைகளையும் பரப்புகின்றது என்பதோ 1955 ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. அமெரிக்கரான பேர்க், பிராங்கிளின் என்போர் அதனைக் கண்டறிந்தனர். அது கேட்டு, சிட்னி வானொலிப் பௌதிக ஆய்வுகூடத்து ஷெயின் என்பார் தம் பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தார். வியாழனின் அலைகள் 1950, 1951 ஆம் ஆண்டுகளிலேயே அவற்றிற் பதிந்து கிடந்தன! அவ்வாய்வுகூடத்துக்குப் பாரத இளைஞரை அனுப்பி வைத்த தமிழரே சேர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

அன்னார் 1898 ஆம் ஆண்டு திசம்பர் 4 ஆம் நாள் தமிழ்நாட்டு வத்திராயிருப்பிலே பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்துப் பாடசாலையிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். கல்கத்தாவில் இராமனுடன் உழைத்து, 1928 இல் இராமன் விளைவைக் கண்டறிவதிற் பெரும்பங்கு கொண்டார். பளிங்குகளின் காந்த இயல்புபற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் எய்தினார். 1940 இல் இலண்டன் இராச கழகத்தின் உறுப்பினரானார். 1947 முதல் டில்லித் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் இயக்குநராய் விளங்கினார்.

1952 இல் சிட்னியிலே கூடிய சர்வதேச வானொலி விஞ்ஞான மகாநாட்டுக்குச் சென்றவர், ஆங்குக் கண்ட புதுத்துறையின் வியப்புக்களை டில்லி ஆய்வாளர்க்கு எடுத்துரைத்தார். அது தமது துறையன்று. ஆயினும் அதன் எதிர்காலத்தை உணர்ந்தார். அடுத்த ஆண்டே கோவிந்த் சுவரூப், பார்த்தசாரதி என்னும் இருவரைக் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு சிட்னிக்கு அனுப்பினார். அங்குப் பயன்பட்ட, ஆறடி விட்டமுள்ள 32 அலைவாங்கித் தட்டுக்களை இந்தியாவுக்கு நன்கொடையாகப் பெறலாம் எனச் சுவரூப் எழுதியபோது, அதற்கு ஆதரவளித்தார்.

தட்டுக்கள் வந்தன, ஆனால் நெடுநாள் பயன்படாது கிடந்தன. 1961 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். 1965 இலேதான் பம்பாயை அடுத்த கல்யாணில் அவை சூரியனை நோக்கி நிறுவப்பட்டன. சுவரூப்பின் முயற்சியால் 1970 இல் உதகையில் 530 மீற்றர் நீளமுள்ள வானொலித் தொலைகாட்டி எழுந்தது. பின்னர்ப் பூனாவுக்கு அண்மையில் 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுக்கள் அமைந்தன. வியாழனின் காந்தப் புலத்திற் சிக்கி, ஒளிவேகத்தை அணுகிச் சுழலும் இலத்திரன்கள் பரப்பும் அலைகளை அவை பதிவுசெய்துள்ளன.

இவற்றுள் எதனையும் கிருஷ்ணன் கண்டாரல்லர். தமது துறையல்லாத ஒன்றுக்கும் இளைஞரை ஆற்றுப்படுத்திய அப்பெருந்தகைமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் என்றும் வழிகாட்டுவதாகுக.