'ஒரு கப்'புக்கு ஒழுங்கு தந்த ஃபேனி!

வீடியோ பார்த்து கேக் செய்றீங்களா? ரெசிப்பியில் 'ஒரு கப் மைதா' என்றால், கப்பை நிரப்பி தலைதட்டித்தானே அளப்பீங்க? அந்தப் பழக்கத்தை அமெரிக்க வீடுகளில் பரப்பியவர் ஃபேனி ஃபார்மர்.

1857-ல் பாஸ்டனில் பிறந்தவர். 16 வயதில் பக்கவாதம். படிப்பு நின்றது, சில வருஷம் நடக்கவே முடியலை. வீட்டிலிருந்தபடியே சமையல் பழகினார். சுமார் 30 வயதில் பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, பிறகு அதற்கே முதல்வரானார்.

அப்போதெல்லாம் 'முட்டை அளவு வெண்ணெய்' என்கிற மாதிரிதான் ரெசிப்பி எழுதுவாங்க. புதுசா சமைக்கிறவங்க பாடு திண்டாட்டம்! 1896-ல் வந்த தன் புத்தகத்தில், கப்போ ஸ்பூனோ தலைதட்டித்தான் அளக்கணும் என்றார் ஃபேனி. விற்குமா என்று தயங்கிய பதிப்பகம், அவர் செலவிலேயே 3,000 பிரதிகள் அச்சிட்டது. பிறகு விற்றதோ லட்சக்கணக்கில்!

ஆனா, ஒண்ணு கவனிங்க. கப் காட்டுவது கொள்ளளவை, எடையை இல்லை. அமெரிக்க கப் சுமார் 237 மி.லி. அதில் தண்ணீர் 237 கிராம், சர்க்கரை சுமார் 200, மைதா சுமார் 125, தேன் சுமார் 340 கிராம் பிடிக்கும். காரணம், அடர்த்தி. மி.லி-யை அடர்த்தியால் பெருக்கினா கிராம் வந்துடும். மைதாவை அழுத்தி அடைச்சா அடர்த்தி கூடி, கேக் கல்லாகிடும்.

கடைசி நாள்களில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடம் எடுத்த ஃபேனி, 1915-ல் 57 வயதில் இறந்தார். வீட்டில் தராசு இல்லையா? மைதாவை ஸ்பூனால் மெதுவா அள்ளிப் போட்டு, தலைதட்டுங்க. கணக்கு கிட்டத்தட்ட சரியா வரும்!