பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்: நிக்கோபாரிலிருந்து போன முதல் எம்.பி. யார்?

கிரேட் நிக்கோபார் மெகா திட்டத்துக்காக சுமார் 130 சதுர கி.மீ. காடு போகிறது. இதற்குக் கொடுத்த ஒப்புதலை 2022 நவம்பரில் பழங்குடி கவுன்சில் திரும்பப் பெற்றது. தங்கள் நிலத்துக்காக நிக்கோபாரிகள் பேசுவது இது முதல்முறை இல்லை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

யார் இவர்?
தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருக்கும் கார் நிக்கோபாரில், மூஸ் கிராமத்தில் பிறந்தவர். அங்கே பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்ற தமிழர்தான் இவரை பர்மாவுக்குப் படிக்க அனுப்பினார். ஆசிரியராகத் திரும்பியவர், தீவுக்குக் கால்பந்தையும் கொண்டுவந்தார்; புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் பெயர்த்தார்.

போர் என்ன செய்தது?
1942-ல் ஜப்பான் ராணுவம் வந்தது. உளவாளிகள் என்ற சந்தேகத்திலேயே பலர் கொல்லப்பட்டார்கள். ரிச்சர்ட்சனும் சிறையில் சித்திரவதைப்பட்டார். 1945-ல் ஜப்பான் சரணடைந்ததால்தான் உயிர் தப்பினார்.

அப்புறம்?
சிதைந்த ஊர்களை மக்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார். 1950-ல் பிஷப், 1952-ல் முதல் மக்களவையின் நியமன எம்.பி. அந்தப் பதவிக்காலத்தில், 1956-ல் வந்ததுதான் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம். வெளியாட்கள் அனுமதியில்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. ‘துஹெத்’ என்ற கூட்டுக்குடும்பத்தின் பொதுச்சொத்தாக நிலமும் தென்னந்தோப்பும் தொடர்கின்றன.

1978-ல் ரிச்சர்ட்சன் மறைந்தார். வெளியாட்களைத் தடுக்கச் சட்டம் இருக்கு. ஆனா, நிலத்தை அரசே கேட்டால்? அப்போது கையில் மிஞ்சுவது, ஊர் கூடி எடுக்கும் முடிவுதான்.