ஒலிக்கலைஞர் ஜாக் ஃபோலி

பாலவனத்தத்துக் கரிசற்காட்டில் காய்ந்த பருத்திமாரை மிதித்து நடந்தால் சடசடவென்னும் ஒலி எழும். கண்மூடிக் கேட்பவர்க்கு அது நெருப்பு எரியும் ஓசைபோலத் தோன்றும். ஓர் ஒலியால் மற்றொன்றை நினைப்பூட்டும் இத்திறத்தையே தம் வாழ்நாட் கலையாகக் கொண்டவர் ஜாக் ஃபோலி.

இவர் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1891-ஆம் ஆண்டு பிறந்தார். பின்னர்க் கலிபோர்னியாவை அடைந்து, யூனிவர்சல் படநிலையத்தில் பணிபுரிந்தார். 1927-இல் வார்னர் நிறுவனத்தார் பாட்டும் பேச்சும் அமைந்த படமொன்றை வெளியிட்டனர். மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். யூனிவர்சல் நிலையத்தாரோ ஷோ போட் என்னும் கதையை ஊமைப்படமாக எடுத்திருந்தனர். ஒலியின்றேல் அதனை விரும்புவார் யார்?

ஃபோலியும் துணைவரும் முன்வந்தனர். எக்காட்சிக்கு எவ்வொலி வேண்டுமென வகுத்துக்கொண்டனர். படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதனை நோக்கியவாறே ஒலிகளை எழுப்பினர். அவை யாவும் ஒரே தடத்திற் பதிந்தமையால், ஒருவர் இமைப்பொழுது பிந்தினும் அனைவர் உழைப்பும் வீணாகும். ஆயினும் அவர்கள் தளரவில்லை. 1929-இல் அப்படம் ஒலியுடன் வெளிவந்தது.

அதன்பின்னும் ஃபோலி நடிகர்தம் நடையைக் கூர்ந்து நோக்கி, அதற்கேற்ப அடியெடுத்து வைத்துக் காலடியோசை தந்தார். கைத்தடியொன்றின் துணையால், பலர் நடக்கும் ஓசையையும் தாம் ஒருவராகவே எழுப்பினார். இத்துணை உழைத்தும் திரையில் அவர் பெயர் பெரும்பாலும் காட்டப்பெறவில்லை. அதற்காக அவர் தொழிலைக் கைவிட்டாரல்லர்.

1967-இல் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் அக்கலைக்கு ஃபோலி என்பதே பெயர். பெயரை நாடாது தொழிலை நாடினார். பெயர் அவரை நாடி வந்தது.