கடலூரில் மறைந்த கணித அறிஞர்

ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் நிகழும் தேரோட்டத்தைக் கண்டோர் உராய்வின் வலிமையை நன்கறிவர். பலர் கூடி வடம் பிடித்தாலன்றி நகராத தேர், ஓடத் தொடங்கிய பின்னரும், சக்கரத்தின்கீழ் இடப்படும் முட்டுக்கட்டையால் நின்றுவிடுகின்றது. இத்தடை கண்ணுக்குப் புலனாவது. விரைந்து செல்லும் பொருளைக் காற்றும் தடுக்கின்றது. அத்தடையோ கண்ணுக்குப் புலனாகாதது. பெருவேகத்தில் அத்தடை எத்துணையது என்பதை அளந்தறிந்த முன்னோடியாகிய பெஞ்சமின் ராபின்ஸ் என்பார், சிதம்பரத்திற்கு வடக்கேயுள்ள கடலூரில் உயிர்நீத்தவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பாத் நகரில், குவேக்கர் மரபினரான எளிய பெற்றோர்க்குப் பிறந்தார். போரை அறவே விலக்குவது அம்மரபினர் கொள்கை. இளமையிலேயே கணிதத்திற் சிறந்து விளங்கிய ராபின்ஸ், இலண்டனையடைந்து, மாணவர்க்குக் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1727இல் இராயல் சொசைட்டியின் அங்கத்தினராயினார்.

அக்காலத்துப் பீரங்கி நூலோர் பலர், காற்று மிக மெல்லியதாதலின் கனத்த குண்டின் செலவை அது பெரிதும் தடுக்கமாட்டாது என்று கருதினர். ராபின்ஸ் அக்கருத்தைச் சோதியாது ஏற்றுக்கொள்ளவில்லை. கனத்த மரப்பலகையொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதனை நோக்கிக் குண்டைச் சுட்டார். குண்டு பதிந்த பலகை எத்துணைத் தூரம் ஆடிற்று என்பதை ஒரு நாடாவினால் அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக்குண்டு, துப்பாக்கியிலிருந்து 25 அடித் தொலைவில் வினாடிக்கு 1670 அடி வேகமும், 75 அடியில் 1550 அடி வேகமும், 125 அடியில் 1425 அடி வேகமும் உடையதாயிருந்தது. நூறடி செல்வதற்குள் வேகத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அழிந்துபோயிற்று! குண்டின் எடையைப்போல 120 மடங்கு வலிமையுடன் காற்று அதனை எதிர்த்தது என்பது இதனாற் பெறப்படும். காற்றில்லாத வெளியில் ஏறக்குறைய 16 மைல் செல்லக்கூடிய அக்குண்டு, உண்மையில் ஒரு மைலும் எட்டாது வீழ்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மைகளை விளக்கும் அவரது நூல் 1742இல் வெளிவந்தது. கணித மேதையாகிய ஆய்லர் 1745இல் அதனை விரிவான உரையுடன் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். சுழன்று செல்லும் குண்டைக் காற்று ஒரு பக்கமாக வளைக்கும் என்பதையும் ராபின்ஸ் காட்டினார். 1746இல் இராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் அவருக்கு அளிக்கப்பெற்றது.

1749இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தம் தலைமைப் பொறியாளராக நியமித்தனர். மறு ஆண்டில் அவர் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்திலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையை வந்தடைந்து, அதனையும் சென்னைக் கோட்டையையும் வலுப்படுத்தத் திட்டங்கள் வகுத்தார். நம் நாட்டு வெப்பம் அவருடலுக்கு ஒவ்வவில்லை. காய்ச்சலுற்று, 1751ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில் அக்கோட்டையிலேயே மறைந்தார்.

போரை வெறுத்த குடியிற் பிறந்தவர் போர்க்கருவியைக் கூர்மையாக்குதற்கே தம் அறிவைச் செலவிட்டார் என்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று. சமாதானம் பண்ணுகிறவர்களைப் பாக்கியவான்கள் என்று கற்ற நமக்கு அது வருத்தந் தருவதே. ஆயினும், அவர் காக்க வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி இடித்தனர். கெடிலத்தின் கரையில் இன்று காணப்படுவன அதன் சிதைவுகளே. அவர் கண்ட உண்மையோ அழியவில்லை. விமானத்தின் வடிவை வகுப்போரும், விண்கலத்தைச் செலுத்துவோரும் காற்றின் தடையைக் கணக்கிடாது ஓரடியும் வையார். அறிவு ஒன்றே, அதனை ஆக்கத்திற்கோ அழிவிற்கோ செலுத்துவது கற்றவரின் நெஞ்சம். கல்வி கற்கும் நாம் இதனை மறவாதிருப்போமாக.