பெட்டிப் பட்டம் தந்தவர்!

முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறீர்களா குட்டீஸ்? சில கடைகளில், பெட்டி போன்ற பட்டம் இருக்கும். வால் இல்லாமலே தள்ளாடாமல் பறக்கும். அதைக் கண்டுபிடித்தவர் லாரன்ஸ் ஹார்கிரேவ்.

இங்கிலாந்தின் கிரீன்விச்சில், 1850ல் பிறந்த இவர், 15 வயதில் ஆஸ்திரேலியா சென்றார். இன்ஜினியரிங் பட்டறையில் தொழில் பழகினார். பின், சிட்னி வானாய்வகத்தில் வேலை பார்த்தார். ஆனாலும், பறக்கும் ஆசை விடவில்லை. 1883ல் வேலையை உதறிவிட்டு, ஆராய்ச்சியில் இறங்கினார்.

விதவிதமாகச் செய்து பார்த்து, 1893ல் பெட்டிப் பட்டத்தை உருவாக்கினார். 1894 நவம்பர் 12ல், ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், நான்கு பட்டங்களை ஒரே கயிற்றில் கோத்து, அடியில் இருக்கை கட்டி அமர்ந்தார். காற்று, அவரை 16 அடி உயரம் தூக்கியது!

காப்புரிமை பெற்று, பணம் சேர்த்திருக்கலாம். ஆனால், அறிவு எல்லாருக்கும் பொது என எண்ணி, கண்டுபிடித்ததை எல்லாம் வெளியிட்டு விட்டார். பாரிசில், 1906ல் சாண்டோஸ் டூமான்ட் ஓட்டிய விமானத்தின் இறக்கைகள், பெட்டிப் பட்ட வடிவில்தான் இருந்தன.

முதல் உலகப்போரில், 1915 மே மாதம் மகனை இழந்தார் ஹார்கிரேவ். அதே ஆண்டு ஜூலையில் அவரும் மறைந்தார். 1966ல் வெளியான ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில், அவரது படம் இடம்பெற்றது.

பெட்டிப் பட்டம் பறக்க விட்டால், அவரையும் நினைத்துக் கொள்ளுங்கள்!