இளவரசர் செய்த இன்டர்ன்ஷிப்: யார் இந்த ஞானப்பிரகாசியார்?

ஞானப்பிரகாசம்... இந்தப் பேர்ல ஒரு தாத்தாவோ, வாத்தியாரோ, சர்ச்சோ உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஓர் இத்தாலிக்காரர். அலோசியுஸ் கொன்சாகா என்பவரைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் ஆக்கிக்கொண்டார்கள். கையில் லில்லிப் பூ, குனிந்த தலைன்னு படங்களில் ரொம்பச் சாதுவாக இருப்பார். ஆனா, ஆள் பிடிவாதக்காரர்!

1568-ல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற குட்டி சமஸ்தானத்தில் மூத்த வாரிசாகப் பிறந்தார். அப்பா ஃபெரான்டே, மகனைப் போர்வீரனாக்கும் ஆசையில் நாலைந்து வயசுலேயே ராணுவ முகாமுக்குக் கூட்டிட்டுப் போனார். டீன் ஏஜில் ஸ்பெயின் அரண்மனை வாசம். அங்கேதான் இயேசு சபையில் சேர முடிவெடுத்தார். அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே சில வருடங்கள் ஆச்சு. 1585 நவம்பரில் பட்டத்து உரிமையைத் தம்பி ரோடால்ஃபோவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ரோமில் நவதுறவியாகச் சேர்ந்தார். வயது 17.

இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா, பயிற்சியை ஜெபத்தோடு முடித்துவிடவில்லை. புதிதாகச் சேர்பவர் ஒரு மாதம் தியானம் செய்யணும், ஒரு மாதம் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யணும், ஒரு மாதம் காசில்லாமல் யாத்திரை போகணும். அப்புறம் சமையலறை வேலை, சிறுவர்களுக்கு ஞானோபதேசம். இன்றைய பாஷையில் இன்டர்ன்ஷிப்.

அலோசியுஸுக்குக் கஷ்டம் வேற இடத்துல. வீட்டிலிருந்தபோதே பட்டினி, ராத்திரி ஜெபம்னு உடம்பை வதைத்தவர் அவர். சிறுநீரகக் கோளாறு வேற. மடத்துப் பெரியவர்கள் ஜெபத்தைக் குறைத்து, நன்றாகச் சாப்பிட்டு, மற்றவர்களோடு கலந்து பழகச் சொன்னார்கள். அவருக்கு அதுதான் பெரிய தவமா இருந்திருக்கும்னு தோணுது.

1591. இறையியல் மாணவர், இன்னும் குருப்பட்டம் வாங்கவில்லை. ரோமில் பஞ்சம், பின்னாலேயே தொற்றுநோய். இயேசு சபையினர் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். இந்த முன்னாள் இளவரசர் பையைத் தூக்கிக்கொண்டு அதற்காகத் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்தார். விழுந்துகிடந்தவர்களைச் சுமந்து வந்தார், குளிப்பாட்டினார். அந்தப் புண்ணும் நாற்றமும் அவருக்குக் குமட்டியதாகத்தான் வரலாற்றில் பதிவாகியிருக்கு. குமட்டலோடேதான் செய்தார்.

கூட வேலை பார்த்த இளம் துறவிகள் சிலர் நோயில் விழ, சபைத் தலைவர்கள் பயந்துபோய் அவரை நிறுத்தினார்கள். நோயாளியைத் தொடப் பழக்கிவிட்டு, நோய் பரவும்போது தொடாதேன்னா எப்படி? ஆனா, படிக்கிற பிள்ளைகளைப் பறிகொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? அவர் விடாமல் கேட்கவே, தொற்று நோயாளிகளைச் சேர்க்காத கொன்சோலாசியோனே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சேஃப்னு நினைச்சாங்க. ஆனா, அங்கே அவர் தூக்கிச் சுமந்த ஒருவருக்கு நோய் இருந்தது.

மார்ச் 3-ல் படுக்கையில் விழுந்தார். நடுவில் கொஞ்சம் தேறி, மறுபடியும் ஜுரம். ஜூன் 21 இரவு இறந்தபோது வயது 23.

1726-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. பிறகு இளம் மாணவர்களின் பாதுகாவலர் என்றும் அறிவிக்கப்பட்டார். அவருக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த ராபர்ட் பெல்லார்மின் பின்னாளில் கர்தினாலானார், பெரிய இறையியல் அறிஞர். இறந்தபின் தன்னை அந்த மாணவரின் அருகே புதைக்கணும்னு ஆசைப்பட்டார். 1621-ல் இறந்தவரின் ஆசை நிறைவேறியது 1923-ல். இப்போது இருவருமே ரோமின் புனித இக்னேசியஸ் ஆலயத்தில் இருக்கிறார்கள்.