அப்பா திரும்பி வருமுன் முடிக்க வேண்டிய பாடம்
பியானோ மேதை ஒஸ்கார் பீற்றர்சனின் வாழ்க்கை

சங்கீதப் பரீட்சைகள் நெருங்கி வரும் காலத்தில் எமது வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பாடசாலை வீட்டுப்பாடம் ஒரு பக்கம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மறு பக்கம், நீச்சல், கணிதம் என்று இன்னும் எத்தனையோ. இவற்றுக்கிடையில் வீணைக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பியானோவுக்கும் நேரம் எங்கே? தாயும் தகப்பனும் மாறிமாறி வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையைச் சாதகத்துக்கு இருத்துவது யார்?

இதே கேள்விக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், இதே மொன்றியல் நகரில், துறைமுகத்துக்குப் பின்னால் வாழ்ந்த ஒரு தொழிலாளர் குடும்பம் விடை கண்டிருக்கிறது. அக்குடும்பத்தின் ஒரு பிள்ளைதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சன். அவருடைய பெயரை எமது பிள்ளைகள் பாடசாலையில் கேட்டிருப்பார்கள். அவர் வளர்ந்த வீட்டைப் பற்றிப் பெற்றோராகிய நாமும் அறிந்துகொள்வது நல்லது.

ஒஸ்காரின் தகப்பனார் டானியல் பீற்றர்சன் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர். கப்பலில் வேலை செய்த மாலுமி. இசையை அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய சிறிய ஓகன் பெட்டி ஒன்றை வாங்கி, கடற்பயணங்களின்போது வேலை ஓய்ந்த வேளைகளில் தாமாகவே வாசிக்கப் பழகிக்கொண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. பின்னர் மொன்றியலில் கரையிறங்கி இங்கேயே குடியேறினார். மனைவி கத்லீனும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவரே. வீட்டு வேலை செய்து பிழைத்தவர்.

அக்காலத்தில் குளிர்காலம் வந்ததும் சென் லோறன்ஸ் நதி உறைந்து துறைமுகம் மூடப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும் கப்பல்கள் வந்துபோகும் நிலை 1964 ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. றெயில் வண்டிகளோ எந்நாளும் ஓடின. மொன்றியலில் வாழ்ந்த கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்த நிலையான தொழில் பெரும்பாலும் அந்த றெயில் வண்டிகளில்தான் இருந்தது. அதுவும் இயந்திரம் ஓட்டும் தொழிலல்ல. படுக்கை வண்டிகளில் பயணிகளின் பெட்டி தூக்குவதும், படுக்கை விரிப்பதும், சப்பாத்துத் துடைப்பதுமே அது. பயணிகள் பலர் அந்த ஊழியர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்பதில்லை. எல்லோரையும் ஜோர்ஜ் என்றே கூப்பிடுவார்கள். டானியலும் கனேடியன் பசிபிக் றெயில்வேயில் இந்த வேலைக்குத்தான் சேர்ந்தார்.

துறைமுகத்தில் தொடங்கும் லஷீன் கால்வாய்க்கும் றெயில் பாதைகளுக்கும் இடைப்பட்ட சென் அந்துவான் பகுதியில் இவ்வூழியர்களின் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. இன்று அப்பகுதியை லிற்றில் பேர்கண்டி என்று அழைக்கிறோம். 1907 ஆம் ஆண்டு றெயில் ஊழியர்கள் கூடித் தொடங்கிய யூனியன் தேவாலயம் அவர்களுக்கு வழிபாட்டிடமாகவும், பிள்ளைகளின் பாட்டும் வாத்தியமும் அரங்கேறும் இடமாகவும் விளங்கியது. எமது கோவில் மண்டபங்கள் எமக்கு எப்படியோ அப்படி.

அங்கே 1925 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி ஒஸ்கார் பிறந்தார். பிரெட், டெய்சி, சாள்ஸ், ஒஸ்கார், மே என்று ஐந்து பிள்ளைகள். ஐவரும் இசை பயில வேண்டும் என்பது தகப்பனாரின் கட்டளை. தம் பிள்ளைகள் பெட்டி தூக்கும் வேலைக்குப் போகக்கூடாது, தம் சொந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆனால் அவருக்கோ நேரம் இல்லை. நாடு கடந்து ஓடும் றெயிலில் ஏறினால் பல நாட்கள் வீடு திரும்ப முடியாது. ஆகவே அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். பயணம் புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாடத்தைக் குறித்துக் கொடுப்பார். திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகப் பியானோ முன் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இடைப்பட்ட நாட்களில் மூத்தவள் டெய்சி தன் தம்பிமாருக்கும் தங்கைக்கும் சொல்லிக் கொடுப்பாள். பாடம் தயாராகவில்லையானால் தண்டனை உண்டு. டானியல் கண்டிப்பான மனிதர். பிரம்பையும் தோல்வாரையும் எடுக்கும் வழக்கம் அக்காலத்து எமது ஊர்களிலும் இருந்தது. அதை இன்று நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஒழுங்கில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பாடம் சிறியது, முடிக்க வேண்டிய நாள் நிச்சயமானது, அந்த நாளில் ஒருவர் இருந்து முழுவதையும் கேட்பார் என்பதும் நிச்சயமானது.

ஒஸ்கார் ஐந்து வயதளவில் பியானோவையும் ட்ரம்பெட் என்னும் ஊதுகருவியையும் பழகத் தொடங்கினார். சிறுவனுக்குக் காது மிகக் கூர்மை. தமக்கை வாசிப்பதைக் கேட்டாலே போதும், அதை அப்படியே திருப்பி வாசித்துவிடுவான். ஆகவே தகப்பனார் வரும் நாள் நெருங்கும்வரை விளையாடித் திரிந்துவிட்டுக் கடைசி நேரத்தில் டெய்சியைக் கேட்டுப் பாடத்தைப் பிடித்துக்கொள்வான் என்று அக்குடும்பத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். எமது வீடுகளிலும் இப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் இல்லாமலில்லை!

இந்த விளையாட்டுப் பருவம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஏழு வயதளவில் ஒஸ்காரைக் காசநோய் பீடித்தது. நெருக்கமான அந்தக் குடியிருப்புகளில் அந்நோய் பல வீடுகளில் நுழைந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகச் சிறுவன் வைத்தியசாலையில் கிடந்தான். உயிர் பிழைத்து வந்தபோது, ஊதுகருவிக்கு நெஞ்சு இடம் கொடாது என்பதால் ட்ரம்பெட் கைவிடப்பட்டது. பியானோ ஒன்றே மிஞ்சியது. மூத்த அண்ணன் பிரெட் அதே நோயினால் பதின்ம வயதிலேயே இறந்துபோனார். தம்பிக்கு ஜாஸ் இசையை முதலில் காட்டிக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.

வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு ஒஸ்காரின் போக்கு மாறியது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பியானோவில் இருக்கும் பழக்கம் வந்தது. எமது சரளி வரிசை, ஜண்டை வரிசைக்கு ஒப்பான சுரப் பயிற்சிகளை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசித்தார். எமது வித்துவான்கள் அசுரசாதகம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

காதால் பிடிக்கும் வித்தை மட்டும் போதாது என்பதை வீட்டார் அறிந்திருந்தனர். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாசித்து அனுபவம் பெற்ற லூ ஹூப்பர் என்பவர் ஒஸ்காருக்கு ஆசிரியராக வந்தார். அவருக்குப் பின் ஹங்கேரி நாட்டவரான போல் டி மார்க்கி கற்பித்தார். டி மார்க்கியின் ஆசிரியர் இஸ்த்வான் தோமான். தோமானின் குரு புகழ்பெற்ற பியானோ மேதை லிஸ்ட். இவ்வாறு லிஸ்டின் குருபரம்பரை றெயில் ஊழியர் ஒருவரின் மகனிடம் வந்து சேர்ந்தது.

தமக்கை டெய்சியின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பரீட்சைக்கு நேரமில்லை என்று வருந்தும் பிள்ளைகளுக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டே டி மார்க்கியிடம் பாடம் கேட்டு, 1947 ஆம் ஆண்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் இசைத் தராதரம் பெற்றார். பின்னர் தம் அயலில் உள்ள பிள்ளைகளுக்குப் பல தசாப்தங்கள் பியானோ கற்பித்தார். 1934 இல் பிறந்து பின்னாளில் பெரும் ஜாஸ் கலைஞரான ஒலிவர் ஜோன்சும் அவருடைய மாணவரே. டெய்சி 2017 ஆம் ஆண்டு தமது 97 ஆவது வயதில் காலமானார். மேடையில் புகழ் பெற்றவர் தம்பி. தகப்பனார் வீட்டில் வைத்த ஒழுங்கை அயல் முழுவதற்கும் எடுத்துச் சென்றவர் தமக்கை.

ஒஸ்காருக்குப் பதினான்கு வயதானபோது அவரைக் கனேடிய வானொலியின் புதுமுகக் கலைஞர் போட்டிக்கு அழைத்துச் சென்றவரும் டெய்சிதான். 1940 இல் நடந்த அப்போட்டியில் நாடளாவிய முதற்பரிசும் 250 டொலரும் கிடைத்தன. அக்காலத்தில் அது பெரிய தொகை. மகனுக்குச் சற்றுத் தலைக்கனமும் வந்தது. தகப்பனார் திட்டவில்லை. ஆர்ட் டேற்றம் என்ற அமெரிக்க மேதையின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்த பையன், வாசிப்பது ஒருவரே, அவரும் ஏறக்குறையப் பார்வையற்றவர் என்று அறிந்ததும் அழுது, பல வாரங்கள் பியானோவைத் தொடவேயில்லையாம். பிறகு மீண்டும் வந்து முன்னிலும் கடுமையாகப் பயின்றார். பரீட்சையில் அதிக புள்ளி எடுத்த பிள்ளைக்கு நல்ல கச்சேரி ஒன்றைக் கேட்க வைப்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இது சாட்சி.

பாடசாலையை விட்டு முழுநேரக் கலைஞராக விரும்புவதாக மகன் சொன்னபோது டானியல் எளிதில் இணங்கவில்லை. சும்மா ஒரு பியானோக்காரனாக இருப்பதற்குப் படிப்பை விட முடியாது, இருப்பவர்களில் முதல்வனாக வருவதானால் மட்டும் போகலாம் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒஸ்கார் அந்த நிபந்தனையை ஏற்றார். 1942 அளவில் ஜொனி ஹோம்ஸ் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். அவர் மேடையேறுவதை விரும்பாத இடங்களும் இந்நகரில் இருந்தன. குழுத் தலைவர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1945 இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

பின்னர் அல்பேர்ட்டா லவுஞ்ச் என்ற இடத்தில் வாசித்து வந்தார். அது வின்சர் றெயில் நிலையத்துக்கு அருகே இருந்தது. கனேடியன் பசிபிக் றெயில் வண்டிகள் புறப்பட்டது அந்த நிலையத்திலிருந்துதான். 1949 இல் நோர்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் விமான நிலையம் போகும் வழியில், ராக்சியிலிருந்த வானொலியில் ஒஸ்காரின் வாசிப்பைக் கேட்டார். வண்டியைத் திருப்பச் சொல்லி நேரே அவ்விடம் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் ஒஸ்கார் மேடையேறினார். அதன்பின் உலகம் முழுவதும் அவரை அறிந்தது.

எட்டு கிராமி விருதுகளும் கனடாவின் உயர் விருதுகளும் அவரைத் தேடி வந்தன. டியூக் எலிங்டன் என்ற இசை மேதை அவருக்கு மகாராஜா என்றே பட்டம் சூட்டினார். 1993 இல் பக்கவாதம் தாக்கி இடக்கை வலுவிழந்தது. இரண்டு வருடங்களளவில் மேடையேறவில்லை. ஆயினும் பயிற்சியால் மீண்டு வந்து, வலக்கையின் பலத்தில் பல ஆண்டுகள் வாசித்தார். 2007 டிசெம்பர் 23 ஆம் திகதி, இன்று எம்மவர் பலர் வாழும் மிசிசாகா நகரில் காலமானார். மொன்றியலில் கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்தின் இசை மண்டபமும், லிற்றில் பேர்கண்டியில் ஒரு பூங்காவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஜோர்ஜ் என்று அழைக்கப்பட்ட ஊழியர் ஒருவரின் குடும்பப் பெயர் இன்று கட்டடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அன்பான பெற்றோரே, எல்லாப் பிள்ளைகளும் ஒஸ்கார் பீற்றர்சன் ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையானாலும், றோயல் கொன்சர்வற்றோரியின் பரீட்சையானாலும், அந்த வீட்டு ஒழுங்கு எமக்கு உதவும்.

பரீட்சைக்கு முந்திய வாரத்தில் நான்கு மணி நேரம் இருத்துவதைவிட, நாளும் அரை மணி நேரம் தவறாமல் இருப்பது மேல். முழுப் பாடத்திட்டத்தையும் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தாமல், இந்த வாரம் இந்த ஒரு வர்ணத்தின் பல்லவியும் அனுபல்லவியும் என்று சிறிதாகக் குறித்துக் கொடுங்கள். கேட்டு வாசிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையாயினும் சுரத்தைப் பார்த்து வாசிக்கவும் பழக்குங்கள். அறிமுறைப் பாடத்தைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுப்பவருக்கே பாடம் இரட்டிப்பாக மனதில் பதியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பதற்கு ஒருவர் வேண்டும். உங்களுக்குச் சங்கீதம் தெரியாதிருக்கலாம். இரவு வேலை முடித்து அலுத்து வந்திருக்கலாம். ஞாயிறு மாலை பத்து நிமிடம், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையின் முன் அமர்ந்து அந்த வாரப் பாடத்தை முழுவதும் கேளுங்கள். பல நாட்கள் படுக்கை விரித்தும் பெட்டி தூக்கியும் களைத்து வந்த டானியல் பீற்றர்சனும் அந்த நேரத்தை ஒதுக்கினார். தன்னைக் கேட்க ஒருவர் வருவார் என்று அறிந்த பிள்ளை வாத்தியத்தை எடுக்கத் தானே நேரம் கண்டுபிடிக்கும்.